யுகுலேலே ஸ்டார்ட்டர் கிட் வாங்கும் முன்பும் பின்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் எங்கள் குடியிருப்புக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் யுகுலேலே சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த கிட் வாங்கட்டும்?" அதற்குப் பதில் சொன்னதும் அடுத்த பத்து கேள்விகள் வரும். வாட்சப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்கு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால்.

யுகுலேலேன்னா சின்ன கிட்டார் தானே அண்ணா? குழந்தைங்க கிட்டாரே வாங்கிடலாமே?

பார்க்க அப்படித் தெரிந்தாலும் இரண்டும் வேறு வாத்தியங்கள். கிட்டாரில் ஆறு தந்தி, இதில் நான்கு. குழந்தைகளுக்கென்று விற்கும் மலிவான கிட்டார்கள் பலவற்றில் எஃகுத் தந்தி இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையின் விரல் நுனிக்கு அது வலி. யுகுலேலேயில் நைலான் வகைத் தந்திதான், இழுவிசையும் குறைவு. முதல் நாளே ஒரு விரலை வைத்து ஒரு முழு கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வாசித்துவிடலாம். அந்தச் சந்தோஷம் குழந்தையை அடுத்த வாரமும் வரவைக்கும்.

கிட்டாருக்குப் பிறகு போனாலும் கற்றது வீணாகாது. கிட்டாரின் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கிளிப், மாட்டினால் தரைப் பக்கமுள்ள நான்கு தந்திகளும் ஜி, சி, இ, ஏ என்று யுகுலேலேயின் அதே சுரங்களைத் தரும் (ஜி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே). விரல் வடிவங்கள் அப்படியே பொருந்தும். ஆனால் பிள்ளை "எனக்கு கிட்டார்தான் வேணும்" என்று உறுதியாகக் கேட்டால் கிட்டாரே வாங்கிக் கொடுங்கள்.

ஒரு கிட்ல 6 பொருள், இன்னொண்ணுல 12 பொருள் போட்டிருக்கு. விலை ஒண்ணுதான். ரெண்டாவது தானே லாபம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் லாபம் இல்லை. கிட்டில் உண்மையில் தேவையானவை மூன்று: யுகுலேலே, அதைத் தூசியிலிருந்தும் சிறு இடியிலிருந்தும் காக்கும் பஞ்சு வைத்த பை, சுருதி பார்க்கும் கிளிப் ட்யூனர். ஒரு செட் உபரித் தந்தி இருந்தால் நல்லது. மற்றதெல்லாம் பட்டியலை நீட்டும் பொருள்கள். பிக்குகள் (தந்தியை மீட்டும் சிறு துண்டுகள்) மூன்று கொடுத்தால் அதை மூன்று பொருளாக எண்ணுவார்கள். துடைக்கும் துணி ஒன்று, விரல் உறை நான்கு, ஸ்டிக்கர் ஒன்று என்று கணக்கு 12-க்குப் போய்விடும்.

கேப்போ ஆரம்பத்தில் வேண்டாம். கிட்டாருக்கான கெட்டி பிளாஸ்டிக் பிக்கும் வேண்டாம். யுகுலேலேயைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும்தான் வாசிக்கப் பழக வேண்டும். ரப்பர் விரல் உறையைப் போட்டால் தந்தியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே விரலுக்குத் தெரியாது. ஸ்ட்ராப் சிறு பிள்ளைகளுக்கு உதவும். அதை மாட்ட யுகுலேலேயின் அடியில் பொத்தான் இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். ஒலித்துளையில் கொக்கி மாட்டும் வகை என்றால், கையை விட்டவுடன் வாத்தியம் முன்னால் கவிழ்ந்துவிடும்.

ஒரே விலையில் பொருள் எண்ணிக்கை கூடும்போது, பெரும்பாலும் அந்தப் பணம் யுகுலேலேயிலிருந்துதான் கழிந்திருக்கும். நான் மூன்றே பொருள் உள்ள கிட்டைத்தான் எடுப்பேன்.

சோப்ரானோ, கான்சர்ட், டெனர்னு போட்டிருக்கு. என் பையனுக்கு 7 வயசு. எது?

சோப்ரானோ. முழு நீளம் சுமார் 21 அங்குலம். கான்சர்ட் சுமார் 23, டெனர் சுமார் 26. இந்த மூன்றுக்கும் சுருதி ஒன்றே, கற்கும் விரல் வடிவமும் ஒன்றே. மாறுவது ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் ஒலியின் கனமும். பாரிடோன் என்று 30 அங்குல அளவில் நான்காவது ஒன்று உண்டு. அதன் சுருதி டி, ஜி, பி, இ. தொடக்கப் பாடங்கள் எதுவும் அதற்கு நேராகப் பொருந்தாது, அதனால் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

பத்து வயதுக்கு மேல் என்றாலோ, அப்பா அம்மாவும் சேர்ந்து கற்கப் போகிறார்கள் என்றாலோ கான்சர்ட் வாங்குங்கள். பெரியவர்களின் மூன்று விரல்கள் சோப்ரானோவின் இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டில் முட்டிக்கொள்ளும். பெண்களுக்குச் சோப்ரானோ, ஆண்களுக்குக் கான்சர்ட் என்று கடையில் சொன்னதாக ஒரு அம்மா கேட்டார். அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. கையின் அளவுதான் கணக்கு.

1,500 ரூபாய்க்கு வர்ற கிட் போதுமா, இல்ல 4,000 போடணுமா?

இந்த இரண்டு விலைக்கும் நடுவில்தான் நம் ஊரில் தொடக்கநிலை கிட்டுகள் பெரும்பாலும் வருகின்றன. 1,500 ரூபாய்க்கு வாங்கிய கிட் ஒன்று மூன்று ஆண்டாக எங்கள் வகுப்பில் நன்றாக ஒலிக்கிறது. அதே மாடலில் இன்னொரு வீட்டுக்கு வந்தது முதல் வாரமே திரும்பப் போனது. மலிவான கிட்டில் உள்ள சிக்கலே இதுதான்: ஒன்று போல் இன்னொன்று இருப்பதில்லை. விலை கூடும்போது மோசமான பீஸ் வரும் வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான்.

அதனால் வழக்கமாக நான் சொல்வது: கையில் 3,000 இருந்தால் 2,500-க்கு வாங்குங்கள், மீதி 500-ஐ வைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து, தந்திகள் தங்கும் 'நட்' என்ற துண்டைச் சரிசெய்யவும், பிறகு ஒரு நல்ல தந்தி செட் வாங்கவும் அது உதவும். ஏன் என்பது கீழே பார்சல் பற்றிய பதிலில் புரியும்.

'மஹோகனி'ன்னு போட்டிருக்கே, அது நிஜ மரமா?

பெரும்பாலும் ஒட்டுப்பலகை. வெளியே மெல்லிய மஹோகனி அல்லது சப்பேலி ஏடு, உள்ளே வேறு மரம். விளம்பரத்தில் 'சாலிட்' அல்லது 'சாலிட் டாப்' என்ற சொல் இல்லாவிட்டால் ஒட்டுப்பலகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலித்துளையின் ஓரத்தைப் பார்த்தாலும் தெரியும்: மேலே உள்ள மர ரேகை ஓரம் வழியாகத் தொடர்ந்து உள்ளே இறங்கினால் ஒரே பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

முதல் யுகுலேலேக்கு ஒட்டுப்பலகை ஒரு குறையே இல்லை. வெயில், மழை, ஏசி என்று மாறி மாறிப் படும் வீட்டில் அதுதான் தாங்கும். முழு மரம் வறண்ட காற்றில் விரிசல் விடும்.

கலர் கலரா பளபளன்னு இருக்கிறது வாங்கினா தப்பா?

நிறத்தில் தப்பே இல்லை. பிள்ளைக்குப் பிடித்த நிறம் என்றால் அடிக்கடி கையில் எடுக்கும். ஆனால் பொம்மைக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் யுகுலேலேயும் வாத்தியமாகச் செய்த பாலிகார்பனேட் (கெட்டியான பிளாஸ்டிக்) யுகுலேலேயும் வேறு. தந்தியைச் சுற்றும் முறுக்காணியைப் பாருங்கள். பல்சக்கரம் வைத்த உலோக முறுக்காணி இருந்தால் வாத்தியம். வெறும் பிளாஸ்டிக் குச்சி என்றால் பொம்மை, அதில் சுருதி நிற்காது.

பார்சல் வந்துடுச்சு அண்ணா. முதல்ல என்ன பார்க்கணும்?

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் கண்ணால்: கழுத்துப் பலகை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா? தந்தி கட்டியிருக்கும் பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். காகிதம் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது, மேலே எதுவும் பார்க்க வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம் கழுத்தின் இரு ஓரங்களிலும் விரலை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் (வீணைக்காரர்கள் மெட்டு என்பார்களே, அதுதான்) கையைக் கீறினால் குழந்தைக்கும் கீறும்.

அடுத்து உயரம். இதுதான் முக்கியம், பலரும் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். தலைப் பக்கம் தந்திகள் தங்கும் வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். ஒரு தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே அந்தத் தந்தி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். ஏடிஎம் அட்டை நுழையும் அளவு இருந்தால் நட்டின் பள்ளம் ஆழமாக வெட்டப்படவில்லை. நான்கு தந்திக்கும் இதைச் செய்யுங்கள். பிறகு 12-வது ஃப்ரெட்: அங்கே ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி உள்ளே விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போய்வந்தால் தந்தி ரொம்ப உயரம்.

கடைசியாக ஒலி. சுருதி சேர்த்தபின் ஒவ்வொரு தந்தியையும் 12-வது ஃப்ரெட்டில் மெதுவாக அழுத்தி மீட்டுங்கள். திறந்த (எங்கும் அழுத்தாத) தந்தியின் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். ட்யூனரில் பத்து சென்ட் வரை விலகினால் இந்த விலைக்குப் பரவாயில்லை, இருபதைத் தாண்டினால் ஏற்காதீர்கள். அளவுகோலாலும் சோதிக்கலாம்: நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை உள்ள தூரமும், அங்கிருந்து பிரிட்ஜின் வெள்ளைத் துண்டு வரை உள்ள தூரமும் கிட்டத்தட்டச் சமமாக, பிந்தியது ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக இருக்கும். அப்புறம் நான்கு தந்தியிலும் பன்னிரண்டு ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாக மீட்டி, 48 சுரத்தையும் கேளுங்கள். ஏதாவது ஒன்று 'ஜிர்ர்' என்று அதிர்ந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

சுருதி சேர்த்து பத்து நிமிஷத்துல இறங்கிடுது. டிஃபெக்ட் பீஸா?

முதல் வாரம் என்றால் இல்லை. நைலான் வகைத் தந்தி இழுபட்டுக்கொண்டே போகும். ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் கழித்துத்தான் நிலைக்கும். அதுவரை எடுக்கும்போதெல்லாம் சுருதி சேர்க்க வேண்டும். சேர்த்தபின் ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மென்மையாக மேலே இழுத்துவிட்டு, மறுபடி சேர்த்தால் சீக்கிரம் படியும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். ஏறிப்போயிருந்தால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

இரண்டு வாரம் கழித்தும் இறங்கினால் முறுக்காணியைப் பாருங்கள். தந்தி அதில் இரண்டு மூன்று சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். ஒரே சுற்று என்றால் வழுக்கும். பிரிட்ஜ் பக்க முடிச்சும் இளகும். பல்சக்கரம் இல்லாத உராய்வு முறுக்காணி என்றால் அதன் நுனியில் ஒரு சிறு திருகு இருக்கும், அதைக் கால் சுற்று இறுக்கினால் போதும்.

போன்ல ஆப் இருக்கே. கிளிப் ட்யூனர் எதுக்கு?

அமைதியான அறையில் ஒருவர் மட்டும் இருந்தால் ஆப் போதும். ஆனால் வீட்டில் மிக்ஸி ஓடும், டிவி ஓடும், வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் மீட்டுவார்கள். கிளிப் ட்யூனர் காற்றில் வரும் சத்தத்தை விட்டுவிட்டு மரத்தின் அதிர்வைப் பிடிக்கும். இன்னொன்று, சுருதி சேர்க்க என்று போனை எடுத்தால் குழந்தை அதற்குப் பிறகு யுகுலேலேக்குத் திரும்புவதில்லை. நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

ட்யூனரின் திரையில் 'யு' என்ற யுகுலேலே நிலையோ, எல்லாச் சுரமும் காட்டும் 'சி' நிலையோ இருக்கிறதா பாருங்கள். கிட்டார் நிலையில் வைத்துச் சேர்த்து என் மாணவி ஒருத்தி ஏ தந்தியை அறுத்திருக்கிறாள். ட்யூனர் சுரத்தின் பெயரைத்தான் காட்டும், எந்த ஸ்தாயி என்று பெரும்பாலும் காட்டாது. தந்தி ரொம்ப விறைப்பாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு, ஆன்லைனில் சரியான ஒலியைக் கேட்டு ஒப்பிடுங்கள். திரையில் 440 என்ற எண்ணும் (ஏ சுரத்தின் அதிர்வெண்) இருக்க வேண்டும். தவறி பட்டனை அழுத்தி அது 435 ஆகிவிட்டால் மற்றவர்களோடு சேராது. அப்புறம் பேட்டரி: பெரும்பாலானவற்றில் சிஆர் 2032 என்ற நாணய பேட்டரி. சின்னக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி திருகு போட்டு மூடியதா என்று பாருங்கள், பழைய பேட்டரியைக் கையோடு அப்புறப்படுத்துங்கள்.

மேல இருக்கிற தந்தி கீழ்த் தந்தி மாதிரி மெல்லிசா இருக்கு. மாத்தி மாட்டிட்டாங்களா?

இல்லை, அப்படித்தான் இருக்கும். முகத்துக்கு அருகில் உள்ள ஜி தந்தி, அடுத்துள்ள சி, இ இரண்டையும்விட உயர்ந்த சுருதி. கிட்டாரில் கனத்திலிருந்து மெல்லியதாக வரிசையாக இறங்கும். இங்கே அந்த வரிசை இல்லை. யுகுலேலேயின் துள்ளலான ஒலிக்கு இதுவே காரணம்.

இந்தச் சுருதி முறை வந்த கதை இது: 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுகலின் மதீராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்கு வந்தவர்களில் மனுவேல் நுனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று தச்சர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊரின் மஷேட்டே என்ற சிறு வாத்தியமும் ரஜாவ் என்ற ஐந்து தந்தி வாத்தியத்தின் சுருதி முறையும் சேர்ந்து யுகுலேலே உருவானது. ஹவாய் மொழியில் 'உக்கு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் குதிப்பது. தந்திகள் மேல் விரல்கள் தாவுவதைப் பார்த்து வந்த பெயர் என்பார்கள்.

கிட்ல வந்த தந்தியை உடனே மாத்தணுமா?

உடனே வேண்டாம். ஒரு மாதம் வாசித்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். மலிவு கிட்டில் வரும் கறுப்பு நைலான் தந்தி மந்தமாக ஒலிக்கும். இத்தாலியின் அக்குவிலா நிறுவனத்தின் நைல்கட் என்ற வெள்ளை நிறத் தந்தி, அல்லது கார்பன் தந்தி என்று சொல்லப்படும் ஃப்ளூரோகார்பன் தந்தி, இரண்டில் எதைப் போட்டாலும் வாத்தியம் வேறு ஒன்றாகிவிட்டது போல இருக்கும். சில கிட்டுகளில் அவையே கட்டி வரும், அப்போது மாற்ற வேண்டியதில்லை. வாங்கும்போது சோப்ரானோ, கான்சர்ட் என்று அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

எஃகுத் தந்தி மட்டும் போடாதீர்கள். அந்த இழுவிசைக்கு இந்த மெல்லிய பலகை செய்யப்படவில்லை, பிரிட்ஜ் பிய்ந்து வந்துவிடும்.

எங்க பொண்ணு இடது கைப் பழக்கம். தனி கிட் வாங்கணுமா?

தனி கிட் தேட வேண்டாம். முதலில் சாதாரண யுகுலேலேயைக் கையில் கொடுத்து, எதுவும் சொல்லாமல் எப்படிப் பிடிக்கிறாள் என்று பாருங்கள். வலது கைக்காரர் போலவே பிடித்தால் அப்படியே விடலாம். இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது, ஃப்ரெட் அழுத்துவதில் இடது கை தேர்ந்திருப்பது ஒரு வசதியே.

திருப்பித்தான் பிடிக்கிறாள் என்றால் தந்தியைத் தலைகீழாக மாற்றிக் கட்டலாம். ஜியும் ஏயும் ஏறக்குறைய ஒரே பருமன், இடம் மாறினாலும் பிரச்சினை வராது. சி தந்தி தடிமன், அது இ தந்தியின் குறுகிய பள்ளத்தில் உட்காராமல் மேலே நிற்கும். நட்டில் அந்தப் பள்ளத்தை மட்டும் ரிப்பேர்காரரிடம் அகலப்படுத்தச் சொல்லுங்கள். விரல் படம் போட்ட அட்டையையும் கண்ணாடி பிம்பமாகப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கிட்ல வந்த புக்ல போட்டிருக்கிற கார்ட், நீங்க சொல்றதோட ஒத்துப்போகலையே?

புத்தகத்தின் முதல் பக்கத்தில் எந்தச் சுருதி என்று பாருங்கள். ஜி-சி-இ-ஏ என்று இருக்க வேண்டும். ஏ-டி-எஃப் ஷார்ப்-பி என்று ஒரு பழைய சுருதி உண்டு. அதில் விரல் வடிவம் அதேதான், பெயர் மட்டும் ஒரு முழுச்சுரம் மேலே இருக்கும்: நாம் சி என்று சொல்லும் வடிவத்தை அது டி என்னும். டி-ஜி-பி-இ என்றிருந்தால் மேலே சொன்ன பாரிடோனுக்கானது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள். தொடங்க நான்கு கார்ட் போதும். ஜி, சி, இ, ஏ வரிசையில் ஃப்ரெட் எண் (0 என்றால் அழுத்த வேண்டாம்): சி 0003, ஏ மைனர் 2000, எஃப் 2010, ஜி 0232.

பிக்கப், ஈக்யூ எல்லாம் உள்ள கிட் 800 ரூபாய்தான் கூட. வாங்கலாமா?

பிக்கப் என்பது ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒலியைப் பிடிக்கும் கருவி, ஈக்யூ அந்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. மேடையில் வாசிக்கும் நாள் வரட்டும். தொடக்க கிட்டில் வரும் பிக்கப்பின் ஒலி வறட்டுத்தனமாக இருக்கும், உடலில் ஒரு ஓட்டை போட்டு பேட்டரிப் பெட்டியும் வைத்திருப்பார்கள். அந்த 800 ரூபாய்க்குத் தந்தி வாங்கலாம்.

ட்யூனர் எல்லாத் தந்தியும் சரின்னு காட்டுது. சி கார்ட் நல்லா இருக்கு, எஃப் வச்சா மட்டும் காது கூசுது. என் காது தப்பா?

உங்கள் காது சரி. இதே சிக்கலில் நான் நான்கு மாதம் இருந்திருக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய என் முதல் கிட்டில் எஃப் எப்போதும் புளித்தது. என் விரல்தான் சரியில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தமாக அழுத்தினேன், இன்னும் மோசமானது.

காரணம் பார்சல் பற்றிய பதிலில் சொன்ன நட் உயரம். தந்தி முதல் ஃப்ரெட்டுக்கு மேல் அதிகம் தூக்கி நின்றால், அதைக் கீழே அழுத்தும்போது நீண்டு விறைக்கிறது, சுரம் மேலே ஏறிவிடுகிறது. நட்டுக்குப் பக்கத்தில்தான் இது அதிகம். சி கார்டில் மூன்றாம் ஃப்ரெட்டை மட்டும் தொடுகிறோம், ஏற்றம் குறைவு. எஃப் கார்டில் இ தந்தியின் முதல் ஃப்ரெட்டை அழுத்த வேண்டும். அங்கே ட்யூனரை வைத்துப் பாருங்கள், எஃப் என்ற சுரம் இருபது முப்பது சென்ட் ஏறி நிற்கும். ட்யூனர் திறந்த தந்தியைத்தான் சரி என்றது, அழுத்திய தந்தியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கிட்டார் ரிப்பேர் தெரிந்தவர் நட்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் கொஞ்சம் ஆழப்படுத்தினால் சரியாகிவிடும். சிறிய வேலைதான், ஆனால் வீட்டில் கத்தியால் முயல வேண்டாம். ஒரு இழை கூடுதலாக இறங்கினால் திறந்த தந்தி ஃப்ரெட்டில் பட்டு அதிரும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டும். 12-வது ஃப்ரெட் உயரம் வேறு கதை: அதைக் குறைக்க பிரிட்ஜில் உள்ள வெள்ளைத் துண்டை எடுத்து அடிப்பக்கம் தேய்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இறக்க இரண்டு மில்லிமீட்டர் தேய்க்கணும் என்பது கணக்கு. நான் பார்த்தவரை, யுகுலேலே தனக்கு வராது என்று பாதியில் விட்ட பிள்ளைகளில் பலருக்கு இந்த உயரம்தான் தடையாக இருந்தது. அதனால்தான் மேலே 500 ரூபாயை ஒதுக்கச் சொன்னேன்.

ரிவ்யூ எல்லாம் 5 ஸ்டார். அதை நம்பலாமா?

பார்சல் பிரித்த அன்று எழுதியவை பை, நிறம், டெலிவரி பற்றித்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து எழுதியதைத் தேடிப் படியுங்கள். மூன்று ஸ்டார் விமர்சனங்களில்தான் விஷயம் கிடைக்கிறது. சுருதி இறங்குகிறது என்று மட்டும் முதல் வாரத்தில் எழுதியிருந்தால் அதைத் தள்ளிவிடலாம், காரணம் மேலே பார்த்தோம். பிரிட்ஜ் கழன்றது, ஃப்ரெட் கீறுகிறது, மேலே போகப் போகச் சுரம் சேரவில்லை என்று இரண்டு மூன்று பேர் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

முடிந்தால் கடைக்குப் போய் வாங்குங்கள். நூறு இருநூறு கூட ஆனாலும், ஒரே மாடலில் மூன்றை எடுத்து மேலே சொன்ன சோதனைகளைச் செய்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சில கடைக்காரர்கள் நட்டையும் அங்கேயே சரிசெய்து தருவார்கள்.

நாங்க ராமேஸ்வரம் பக்கம். உப்புக் காத்து, வெயில். தாங்குமா?

ஒட்டுப்பலகை தாங்கும். துருப்பிடிப்பது முறுக்காணியும் ஃப்ரெட்டும்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பையில் வைத்துவிடுங்கள். பையில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கலாம். ஆணியில் மாட்டுவதென்றால் கடல் பார்த்த சுவரில் வேண்டாம்.

எந்த ஊராக இருந்தாலும் வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள். பசை இளகிவிடும். மே மாதம் ஒரு மதியம் காரின் பின் சீட்டில் மறந்து வைத்த என் கான்சர்ட் யுகுலேலேயின் பிரிட்ஜ் சாயங்காலத்துக்குள் தந்தியோடு கையில் வந்துவிட்டது.

பொண்ணு பாட்டு கிளாஸ் போறா. இதுல கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா?

கொஞ்சம் முடியும். சி-யை ஷட்ஜமாக வைத்தால் நான்கு திறந்த தந்தியும் ப, ஸ, க, த என்று பேசும் (அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம்). நான்கும் மோகன ராகத்தின் சுரங்கள். ரிஷபம் மட்டும் பாக்கி, அது சி தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் இதைத்தான் காட்டுவேன். வகுப்பில் பாடிய கீதத்தை அன்றைக்கே மெதுவாகத் தடவித் தேடி எடுத்துவிடுவார்கள்.

சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் என்று வந்தால் எல்லை உண்டு. வீணையில் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளில் உலோகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அசைக்கிறோம். நைலான் தந்தி அந்த அளவுக்கு இழுபடாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாரு மட்டும் ஓரளவு வரும். அடுத்தது கட்டை, அதாவது பாடும் சுருதி. சி என்பது ஒரு கட்டை. உங்கள் மகள் ஐந்து கட்டையில் பாடுகிறாள் என்றால் ஜி தந்திதான் ஷட்ஜம், ஆனால் அது அவளுடைய மேல் ஷட்ஜமாக இருக்கும். 'லோ ஜி' என்று ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் தனித் தந்தி கிடைக்கிறது. அதைக் கட்டினால் அவளுடைய ஆதார ஷட்ஜம் திறந்த தந்தியில் வந்துவிடும். தந்தி தடிமன் என்பதால், இடது கைக்குச் சொன்னது போல நட்டில் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும்.

செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு 700-க்கு கிடைக்குது. எடுக்கலாமா?

தாராளமாக. பார்சல் சோதனைகள் அத்தனையும் அதற்கும் பொருந்தும். கூடவே கழுத்தை நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்து வளைவு இருக்கிறதா என்று சோதியுங்கள். தந்தி பழையதாக இருந்தால் ஒலியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். பிரிட்ஜ் ஒருமுறை கழன்று ஒட்டியதாகத் தெரிந்தால் வேண்டாம்.

ஆறு மாசமா விடாம வாசிக்கிறா. இப்ப நல்லதா ஒண்ணு வாங்கித் தரலாமா?

முதலில் தந்தியை மாற்றுங்கள், நட் உயரத்தைப் பார்த்துவிடுங்கள். ஒலி சலித்துவிட்டது என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதுவே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகும் விரல் நெருக்கடி, மேல் ஃப்ரெட்டுகள் போதவில்லை என்று அவளே சொன்னால் கான்சர்ட் அல்லது டெனரில், மேல் பலகை மட்டுமாவது முழு மரமாக உள்ளதை, கிட்டாக இல்லாமல் தனி வாத்தியமாக வாங்குங்கள். ட்யூனர்தான் ஏற்கெனவே இருக்கிறதே. பெரிய அளவுக்குப் பழைய பை சேராது, அதை மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

பழையதைப் பரணில் போட வேண்டாம். புதுத் தந்தி கட்டி என்னிடம் கொடுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது நான்கு பிள்ளைகள் அப்படிக் கைமாறி வந்த யுகுலேலேயில்தான் வாசிக்கிறார்கள், ஐந்தாவதாக ஒரு பையன் இரண்டு வாரமாக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.